நாட்டுப்புற இசையும் சமூக நீதிப் போராட்டங்களும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பாட்டுப் பட்டறைகளிலும் கலை இரவுகளிலும் பேச்சு முடிந்ததும் எழுகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களையும் சேர்த்து இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. சங்கடமானவை பின்பாதியில் இருக்கின்றன.

நாட்டுப்புறப் பாட்டுன்னா எது? யார் எழுதினாங்கன்னே தெரியாத பழைய பாட்டு மட்டும்தானா?

பழசாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுதியவர் பெயர் தெரிந்திருந்தாலும் தவறில்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பாடுகிறவருக்கு அந்தப் பாட்டை மாற்றிக்கொள்ள உரிமை இருக்கிறதா? நடவுப் பாட்டில் ஒருத்தி அன்றைக்கு நடந்த சங்கதியை நுழைத்துப் பாடுவாள். தாலாட்டில் மாமன் பெயர் வீட்டுக்கு வீடு மாறும். ஒப்பாரியில் செத்தவரின் கதைக்கு ஏற்ப அடிகள் புதிதாக முளைக்கும். யாரும் போய் அனுமதி கேட்பதில்லை.

ஒரு தனி ஆளின் படைப்பும் இப்படி வாய் மாறி வாய் போய், ஆளுக்கு ஒரு அடி சேர்ந்து, சில வருடங்களில் ஊர்ப் பாட்டாகிவிடலாம். இந்தப் பக்கத்தில் வரும் பல பாட்டுகள் அப்படி ஆனவைதான்.

சரி, ஒரு பாட்டு பாடினா என்ன மாறிடப் போகுது?

பாட்டு மட்டும் ஒரு சட்டத்தையும் மாற்றியதில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சட்டத்தை மாற்றும்வரை மக்கள் கலையாமல் நிற்க வேண்டுமே, அந்த இடத்தில்தான் பாட்டு வேலை செய்கிறது. 1945 அக்டோபரில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் சுருட்டு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அதில் முன்நின்றவர்கள் கறுப்பினப் பெண்கள். குளிர்காலம் முழுக்க ஆலை வாசலில் மறியலில் நின்றவர்கள், தேவாலயத்தில் பாடிப் பழகிய பாட்டுகளைப் பாடித்தான் ஒருவரையொருவர் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

மேடையில் பேசுகிறவரை இழுத்துக்கொண்டு போனால் பேச்சு நின்றுவிடும். கூட்டமே பாடும்போது ஒருவரை இழுத்துப் போனாலும் பாட்டு நிற்காது. 1961-62இல் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரில் நிறவெறிக்கு எதிராகப் போராடிச் சிறைக்குப் போனவர்கள் அங்கும் பாடினார்கள்.

எஸ்தோனியாவையும் சொல்ல வேண்டும். 1869இலிருந்தே அங்கே பெரும் பாட்டு விழாக்கள் நடந்து வந்தன. 1988இல் சோவியத் ஆட்சிக்கு எதிராக லட்சக்கணக்கில் கூடியவர்கள் தங்கள் மொழிப் பாட்டுகளையே பாடினார்கள். 1991 ஆகஸ்ட்டில் நாடு விடுதலை பெற்றது. சோவியத் ஒன்றியம் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்ததும் அதற்குக் காரணம்தான். ஆனாலும் அந்தக் கூட்டம் ஆயுதம் எடுக்காமலும் சிதறாமலும் நின்றதில் நூறு வருடப் பாட்டுப் பழக்கத்துக்குப் பங்கு உண்டு.

ஏன் பழைய மெட்டையே பிடிச்சுக்கிட்டுத் தொங்கணும்? புதுசா நல்லா இசையமைச்சா ஆகாதா?

ஆகும். ஆனால் புது மெட்டைக் கூட்டத்துக்குக் கற்றுத்தர நேரம் வேண்டும். போராட்டத்தில் கிடைக்காத பொருள் அதுதான். தெரிந்த மெட்டு என்றால் இரண்டாவது அடியிலேயே எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். அமெரிக்கத் தொழிற்சங்கப் பாடகர் ஜோ ஹில் தேவாலயப் பாட்டுகளின் மெட்டிலும் ஊரறிந்த மெட்டுகளிலும் கூலிப் பிரச்சினையை எழுதினார். தொழிலாளர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறு பாட்டுப் புத்தகங்கள் வழியாக அவை பரவின. 1915இல் யூட்டா மாநிலம் ஒரு கொலை வழக்கில் அவரைச் சுட்டு மரண தண்டனையை நிறைவேற்றியது. அந்த வழக்கின் நியாயம் குறித்து இன்றும் கேள்விகள் இருக்கின்றன. 1931இல் கென்டக்கிச் சுரங்கப் போராட்டத்தின்போது ஃபிளாரன்ஸ் ரீஸ் என்ற சுரங்கத் தொழிலாளியின் மனைவி, தன் வீட்டைச் சோதனையிட்டு மிரட்டிவிட்டுப் போன ஆட்கள் மீதான கோபத்தில் சுவர் நாட்காட்டித் தாளைக் கிழித்து ஒரு பாட்டு எழுதினார். அதற்கும் பழைய மெட்டுதான்.

இலங்கை மலையகத்தில் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையும் தோட்டத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியபோது இதே வழியைத்தான் எடுத்தார்கள். படிக்க வாய்ப்பில்லாத மக்களிடம் துண்டறிக்கை எவ்வளவு தூரம் போகும்? மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாடினார். தொழிலாளர் நிலைமையைப் பற்றிய அவருடைய பாட்டுப் புத்தகம் 1940இல் வெளிவந்தது.

'வி ஷல் ஓவர்கம்' பாட்டை எழுதினது பீட் சீகர்தானே?

இல்லை. 'நாம் வெல்வோம்' என்று பொருள்படும் அந்தப் பாட்டை அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் சீகர் எழுதவில்லை. இந்தத் தவறான எண்ணத்துக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு போராட்டப் பாட்டு எப்படி உருவாகிறது என்பது முழுவதும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்ல்ஸ் டிண்ட்லி என்ற கறுப்பினப் போதகர் 'நான் ஒருநாள் வெல்வேன்' என்ற பொருளில் ஒரு துதிப்பாட்டை வெளியிட்டார். இந்தப் பாட்டின் ஒரு வேர் அது. மேலே சொன்ன சார்ல்ஸ்டன் மறியலில் இதே கருத்துள்ள பாட்டொன்றை லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி மிக மெதுவாக இழுத்துப் பாடுவார். அந்த மறியலில்தான் 'நான்' என்பது 'நாம்' ஆனது. ஆலை வாசலில் நின்றவர்களுக்கு அதுதான் பொருத்தமாக இருந்தது.

டென்னஸி மாநிலத்தில் ஹைலாண்டர் என்ற தொழிலாளர் பள்ளி இருந்தது. அங்கே பாட்டு கற்றுத்தந்த ஸில்ஃபியா ஹார்ட்டன், வேலைநிறுத்தக்காரர்களிடமிருந்து இதைக் கற்றார். 1947இல் பீட் சீகர் ஸில்ஃபியாவிடமிருந்து கற்றுக்கொண்டு பல ஊர்களில் பாடினார், சில அடிகளையும் சேர்த்தார். 1960 ஏப்ரலில் ராலி நகரில் கூடிய மாணவர்களுக்கு கை கேரவன் என்ற பாடகர் இதைக் கற்றுத்தந்தார். அங்கிருந்து அது கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தின் பாட்டாகிவிட்டது. 1965 மார்ச் 15 அன்று வாக்குரிமைச் சட்டம் கேட்டு நாடாளுமன்றத்தில் பேசிய அதிபர் ஜான்சன் அதன் முதல் அடியைத் தன் உரையில் சொன்னார்.

காப்புரிமைப் பதிவில் நான்கு பேர் இருந்தார்கள்: ஹார்ட்டன், சீகர், கேரவன், ஃபிராங்க் ஹாமில்ட்டன். லூசில் சிம்மன்ஸ் இல்லை. யாரோ ஒரு வியாபாரி பாட்டைச் சொந்தமாக்கிவிடக் கூடாது என்பதற்காகவே பதிவு செய்ததாகச் சொன்னார்கள். ராயல்டி பணமும் ஹைலாண்டர் வழியாகத் தெற்கு மாநிலங்களின் கறுப்பின மக்கள் பணிகளுக்குத்தான் போனது. அவர்கள் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் மறியல் வாசலில் நின்று பாடியவர் பெயர் அந்தத் தாளில் இல்லாதது எனக்கு உறுத்துகிறது. 2018இல் ஒரு வழக்கின் முடிவில் பதிப்பு நிறுவனம் உரிமை கோருவதை விட்டது. இப்போது அது எல்லோருக்கும் பொது.

தாலாட்டு, ஒப்பாரியெல்லாம் வீட்டுக்குள்ள பாடுறது. அதுல என்ன போராட்டம் இருக்கு?

ஒப்பாரியைக் கவனித்துக் கேளுங்கள். செத்தவரைப் பற்றித் தொடங்கி, பாடுகிறவளின் வாழ்க்கைக்கு வந்து நிற்கும். அண்ணன் சொத்தில் பங்கு தராதது, புகுந்த வீட்டில் பட்ட பாடு, பசி, கடன் எல்லாம் வெளியே வரும். அதே சொற்களை ஒரு சாதாரண நாளில் அவள் வாய்விட்டுச் சொன்னால் அடி விழும். துக்க வீட்டில் யாரும் தடுக்க மாட்டார்கள். மலையகத் தோட்டப் பாட்டுகளும் இப்படித்தான் கங்காணியின் கொடுமையைச் சொல்லிக்கொண்டே இருந்தன. சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்ததால் இன்று நமக்கு அவை கிடைக்கின்றன.

போராட்டம் என்றதும் கொடியும் கோஷமும் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்னால், 'எனக்கு நடப்பது அநியாயம்' என்று ஒரு ஆள் தனக்குத்தானே சொல்லிப் பார்க்க ஓர் இடம் வேண்டும். பல பெண்களுக்கு அந்த இடத்தைப் பாட்டுதான் தந்தது.

கறுப்பின அடிமைகள் பாட்டுல தப்பிக்கிற வழியை ரகசிய வரைபடமா ஒளிச்சு வச்சிருந்தாங்களாமே?

ஓரளவு உண்மை. பைபிளின் மோசேயும் எகிப்தும் அவர்கள் பாட்டுகளில் இரட்டைப் பொருளில் வந்தன என்பதில் சந்தேகமில்லை. பலரைத் தப்ப வைத்த ஹாரியட் டப்மன் பாட்டைச் சைகையாகப் பயன்படுத்தியதாக அவரைப் பேட்டி கண்டவர் எழுதியிருக்கிறார். ஆனால் வடக்கு நட்சத்திரத்தைக் காட்டி வழி சொல்வதாக இன்று பரவலாகப் பேசப்படும் அந்தச் சுரைக்குடுவைப் பாட்டு முதன்முதலில் அச்சானது 1928இல். அடிமை முறை ஒழிந்து அறுபது வருடம் கழித்து. அது வரைபடமாக இருந்தது என்பதற்கு அந்தக் காலத்து ஆதாரம் இல்லை.

ஆயுதம் வச்சிருக்கிறவங்க பாட்டுக்கும் மேளத்துக்கும் போய் பயப்படுவாங்களா?

பயந்திருக்கிறார்கள், சட்டமே போட்டிருக்கிறார்கள். 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றுப் பக்கம் அடிமைகள் கிளர்ந்தார்கள். மேளம் கொட்டி ஆள் சேர்த்தார்கள். மறு வருடமே வந்த சட்டம் அடிமைகள் மேளமும் கொம்பும் வைத்திருப்பதைத் தடுத்தது. தென்னாப்பிரிக்காவின் வூயிசிலே மினி தொழிற்சங்கக்காரர், நிறவெறி ஆட்சியை நேரடியாக எச்சரித்துப் பாட்டுக் கட்டியவர். 1964 நவம்பர் 6 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். தூக்குமேடைக்குப் பாடிக்கொண்டே போனார் என்று அப்போது சிறையில் இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சிலியில் வியோலெட்டா பாரா ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்தார். அந்த வழியில் வந்தவர் விக்டர் ஹாரா. 1973 செப்டம்பர் 11இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விளையாட்டரங்குக்குக் கொண்டுபோய்ச் சித்திரவதை செய்து சில நாளில் சுட்டுக் கொன்றார்கள். இன்று அந்த அரங்கின் பெயரே விக்டர் ஹாரா அரங்கம். அவரைக் கொன்ற அதிகாரிகளின் தண்டனையைச் சிலி உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2023இல், ஐம்பது வருடம் கழித்து.

நம் பக்கமும் இருக்கிறது. தெலங்கானாவின் கத்தர் கம்பளியும் கோலுமாக மேடையேறிப் பாடியவர். 1997 ஏப்ரலில் அவரை வீட்டிலேயே சுட்டார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் ஒரு குண்டு 2023இல் இறக்கும்வரை அவர் உடம்பில் இருந்தது. 2015 அக்டோபரில் மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவனைத் தேசத் துரோகப் பிரிவில் கைது செய்தார்கள். கைதுக்கு முன்பு அந்தப் பாட்டைக் கேட்டவர்களைவிடப் பின்பு கேட்டவர்கள் மிக அதிகம்.

பறைன்னா சாவுக்கு அடிக்கிறதுதானே? அது எப்படி விடுதலை இசையாகும்?

சங்க காலத்தில் பறை சாவுக்கும் இருந்தது, வாழ்வுக்கும் இருந்தது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வம், உணவு, மரம் இவற்றோடு பறையையும் சேர்க்கிறது. புறநானூறு 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கைத் தவிர வேறு குடி இல்லை என்கிறது. அதே நூலின் 194ஆம் பாட்டில் ஒரு வீட்டில் சாவுப் பறை ஒலிக்க, இன்னொரு வீட்டில் மண முழவு ஒலிக்கிறது. இழிவு என்பது கருவிக்குள் இருந்ததில்லை. பிற்காலச் சாதி ஏற்பாடுதான் சாவுச் சேவகத்தை ஒரு சமூகத்தின் தலையில் கட்டி, கூலியும் ஒழுங்காகத் தராமல், அதையே காரணம் காட்டி அவர்களை ஒதுக்கியது. மாட்டுத்தோல்தான் இழிவு என்பவர்களுக்கு ஒரு செய்தி: மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் இருக்கிறது. சபா மேடைக்கு அது ஒருபோதும் தடையாக இருந்ததில்லை.

1980, 90களில், குறிப்பாக அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, தலித் கலைஞர்களும் அறிவாளிகளும் பறையைக் கையில் எடுத்தார்கள். முனைவர் கே. ஏ. குணசேகரன் 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு வழிபாட்டுக்குள்ளேயே நாட்டுப்புற மெட்டுகளைக் கொண்டுவந்தார். அடிக்கச் சொல்லி அடித்த கருவியைத் தானாக விரும்பி, தன் கோரிக்கைக்காக, நிமிர்ந்து நின்று அடிப்பது வேறு. விடுதலை இசை என்று நான் சொல்வது அதைத்தான்.

ஆனா பறையே அடிக்க மாட்டோம், அதைக் கொளுத்துவோம்னு சொல்றவங்களும் அதே சமூகத்துல இருக்காங்களே. யார் சொல்றது சரி?

இரண்டும் ஒரே அவமானத்துக்கு வந்த பதில்கள்தான். பல கிராமங்களில் 'இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்று சொன்னதே பெரிய போராட்டம். அப்படிச் சொன்னதற்காக ஊர் ஒதுக்கி வைத்தது, வேலை தர மறுத்தது, தாக்கியது. அந்த மறுப்பில் இருக்கும் சுயமரியாதையைக் குறைத்துப் பேச வெளியில் இருப்பவர்களுக்கு உரிமையில்லை. 'உங்கள் பாரம்பரியக் கலை அழிகிறதே' என்று அவர்களிடம் போய் வருந்துவது கொடுமை.

அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்பவர் அடிக்கிறவராக இருக்க வேண்டும், கட்டாயம் இருக்கக் கூடாது, கூலி பேசி வாங்க முடிய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் சாவு வீட்டில் அடித்தாலும் அது கலைதான். இல்லாவிட்டால் பெரிய மேடையில் அடித்தாலும் அது பழைய சேவகம்தான்.

நான் அந்தச் சமூகத்துல பிறக்கல. பறை கத்துக்கலாமா?

கற்றுக்கொள்ளுங்கள். ஒரு ஆசானிடம் போய், கட்டணம் கொடுத்து, அடவுகளோடு அதன் வரலாற்றையும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு மாதப் பயிற்சி முடிந்ததும் 'பறைக் கலைஞர்' என்று அழைப்பிதழில் போட்டுக்கொள்ளாதீர்கள். நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டால் பரம்பரைக் கலைஞர் ஒருவருக்கு அந்த வாய்ப்பும் பணமும் போக வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நகரத்துப் பட்டறையில் கற்றவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அதே அடியைத் தலைமுறையாக அடிப்பவர் ஊரில் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார். இதைப் பார்த்துக் கோபம் வராத ஒருவர் பறையைச் சரியாகக் கற்கவில்லை என்றே நினைக்கிறேன். 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது பலரும் மகிழ்ந்தோம். விருதின் வெளிச்சம் ஊர்க் கலைஞர்களின் கூலிக்கும் ஓய்வூதியத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

பெண்கள் பறை அடிக்கலாமா?

அடிக்கிறார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் பல ஆண்டுகளாகப் பறையோடு மேடையேறுகிறார்கள். தடை சொன்னது வழக்கம் மட்டும்தான்.

கானா, ராப் இதெல்லாம் நாட்டுப்புற இசைல சேருமா?

முதல் பதிலில் சொன்ன அளவுகோலை வைத்துப் பாருங்கள். வடசென்னைத் தெருக்களில் சாவு வீட்டிலும் நண்பர் கூட்டத்திலும் கட்டிப் பாடி மாற்றிக்கொண்டே வந்த கானா நிச்சயமாகச் சேரும். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்துச் சாதி எதிர்ப்பைப் பாடியது. ஜிம்பாப்வேயில் தாமஸ் மாப்ஃபூமோ 1970களில் இம்பிரா என்ற பழைய கருவியின் சுரக்கோவையை மின் கிட்டாரில் வாசித்து, ஷோனா மொழியில் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தார். காவலில் வைத்தார்கள். கருவி மாறியதால் அந்த இசையின் வேர் அறுந்துவிடவில்லை.

நாட்டுப்புறப் பாட்டுலயே சாதிப் பெருமையும் பெண்களைக் கேவலப்படுத்துறதும் இருக்கே, அதை என்ன பண்றது?

இருக்கிறது, மறைக்கக் கூடாது. மக்கள் பாட்டு என்பதாலேயே அது நியாயமான பாட்டாகிவிடாது. ஜெர்மனியில் நாஜிகள் நாட்டுப்புறப் பாட்டுகளை இளைஞர் படைகளின் பாட்டுப் புத்தகங்களில் நிறைத்தார்கள். போருக்குப் பின் ஒரு தலைமுறையே அந்தப் பாட்டுகளைப் பாடக் கூசியது. இங்கும் திருவிழா மேடைகளில் சாதிப் பெருமைப் பாட்டுகள் ஒலிக்கின்றன. கட்சிகளும் கம்பெனிகளும் அதே தெம்மாங்கை விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்கின்றன.

பொதுச் சொத்தான மெட்டுக்கு வேலி போட முடியாது. ஆனால் பாட்டை மாற்றும் உரிமை நமக்கும் இருக்கிறது. மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாத்தே மகாராஷ்டிரத்தின் தமாஷா கூத்தை எடுத்து, தொழிலாளர் கதை பேசும் மக்கள் நாடகமாக்கினார். ஆவணமாகச் சேகரிக்கும்போது இழிவான அடிகளையும் அப்படியே எழுதி வைக்க வேண்டும். மேடையில் பாடும்போது அப்படியே பாட வேண்டியதில்லை.

ஒரு பாட்டியம்மா பாடினதைப் பதிவு பண்ணி யூடியூப்ல போட்டேன். அது யாருக்குச் சொந்தம்?

மெட்டும் பழைய சொற்களும் பொது. ஆனால் அந்தப் பாட்டியின் குரலும் அவர் பாடிய விதமும் அவருடையவை. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1994 முதல் நிகழ்த்துகிற கலைஞர்களின் உரிமையை ஏற்கிறது. இப்போது அது 50 ஆண்டுகளுக்குச் செல்லும். எனவே கேட்டுவிட்டுப் போடுங்கள், எங்கே போகிறது என்று விளக்குங்கள், விருப்பமிருந்தால் பெயரையும் ஊரையும் போடுங்கள், பணம் வந்தால் பங்கு கொடுங்கள். லூசில் சிம்மன்ஸ் கதையை மேலே சொன்னது இதற்காகவும்தான்.

எங்க போராட்டத்துக்கு ஒரு பாட்டு வேணும். எங்கிருந்து தொடங்குறது?

எழுத உட்காராதீர்கள். போராட்டப் பந்தலில் இருப்பவர்கள் வேலை செய்யும்போது எதைப் பாடுவார்கள் என்று கேளுங்கள். அதில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டை எடுத்து, கூட்டம் திருப்பிப் பாட நான்கைந்து சொல்லில் ஒரு பல்லவி மட்டும் கட்டுங்கள். சுருதியைத் தாழ்வாக வையுங்கள். மேடைப் பாடகர்கள் உச்சத்தில் தொடங்குவதால்தான் கூட்டம் வாயை மூடிக்கொள்கிறது. இனிமையான குரலைவிட, அடியை எடுத்துக் கொடுக்கத் தெரிந்த குரல் முக்கியம். பெரும்பாலும் அது வயதான ஒரு பெண்ணிடம் இருக்கும்.

'அநீதி', 'சுரண்டல்' போன்ற பொதுச் சொற்களைக் குறைத்து, நிறுத்தப்பட்ட கூலி எவ்வளவு, பூட்டப்பட்ட வாசல் எது என்று நேராகச் சொல்லுங்கள். சரணங்களை நிரப்பாமல் விடுங்கள். முதல் நாள் தயங்குவார்கள். அப்புறம் ஆளுக்கு ஒன்றாகக் கட்டத் தொடங்குவார்கள், அவற்றைக் கட்டியவர் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.